முதல் மூச்சின் பின்னர்
பச்சிளங் குழந்தையின் சுவாசப்பையில் உயர் குருதியமுக்கம்: பெற்றோர் அறிந்திருக்க வேண்டியவை

பிரசவம் முடிந்து குழந்தையின் அழுகுரலும் கேட்டுவிட்டது. ஊரிலிருக்கும் தாய் தந்தையருக்கு நற்செய்தி சொல்வதற்காகத் தந்தையார் தொலைபேசியை எடுக்கின்ற வேளையில், குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாதியர் விரைகின்றனர். கதவு மூடப்படுகின்றது. அரை மணி நேரத்தின் பின் வருகின்ற வைத்தியர் நீண்ட சொல்லொன்றைக் கூறுகின்றார். அதில் "லுங்கே" என்பது மட்டும் விளங்குகின்றது. சுவாசப்பை என்று பொருள். மீதி விளங்கவில்லை. கையொப்பமிடும்படி தாளொன்று நீட்டப்படுகின்றது.

ஜேர்மனியில் வாழும் எமது குடும்பங்களுள் சில இத்தகைய இரவைக் கண்டிருக்கின்றன. இனியும் சில காணக்கூடும். ஆயிரம் குழந்தைகள் பிறக்குமிடத்து ஏறத்தாழ இரு குழந்தைகளுக்கு இந்நோய் ஏற்படுகின்றது என்பது மருத்துவ உலகின் கணக்கு. அரிதானதுதான். ஆயினும் அந்த இருவரில் ஒருவர் எம் பிள்ளையாயின், அக்கணக்கு எமக்கு ஆறுதல் தராது. ஆகவே இந்நோய் யாது, கட்டிலருகே உள்ள கருவிகள் எதனைக் கண்காணிக்கின்றன, பெற்றோர் செய்யக்கூடியது யாது என்பவற்றை இவ்வாரம் எழுத முற்படுகின்றோம்.

கருப்பையில் ஒரு வழி, வெளியே வேறு வழி

தாயின் கருப்பையிலே குழந்தை மூச்செடுப்பதில்லை. அதன் சுவாசப்பைகள் திரவத்தால் நிறைந்திருக்கின்றன. வேண்டிய ஒட்சிசனைச் சூல்வித்தகம் வழங்குகின்றது. எனவே சுவாசப்பைக்கு மிகுதியான குருதி செல்லவேண்டிய தேவை அங்கில்லை. அதன் குருதிக் குழாய்கள் இறுக மூடிக் கிடக்கின்றன. இதயம் வெளியேற்றும் குருதியில் சிறு பங்கே அங்கு செல்கின்றது. எஞ்சியது இரு குறுக்கு வழிகளால் சுவாசப்பையைச் சுற்றிக் கடந்துவிடுகின்றது. ஒன்று இதயத்தின் மேலறைகளுக்கு இடையிலுள்ள துவாரம். மற்றையது சுவாசப்பை நாடியையும் பெருநாடியையும் இணைக்கும் சிறு குழாய்.

குழந்தை பிறந்து முதல் மூச்சை இழுத்தவுடன் எல்லாமே மாறவேண்டும். திரவம் வெளியேறிக் காற்று புகவேண்டும். சுவாசப்பைக் குழாய்கள் விரிந்து அமுக்கம் குறையவேண்டும். குறுக்கு வழிகள் படிப்படியாக மூடவேண்டும். வாழ்நாளில் மனித உடல் காணும் மாற்றங்களுள் இதுபோல் விரைவானது வேறில்லை எனலாம். நலமான குழந்தைக்குக் கூட இதற்குச் சிறிது நேரம் எடுக்கும். முதலாவது நிமிடத்தில் குருதியின் ஒட்சிசன் செறிவு 60 முதல் 65 வீதமாகவே இருக்கும். பத்தாவது நிமிடமளவிலேயே அது 85 முதல் 95 வீதத்தை எட்டும்.

சில குழந்தைகளில் இம்மாற்றம் நிகழ்வதில்லை. குழந்தை வெளியே வந்துவிட்டது. சுவாசப்பையின் குழாய்களோ இன்னமும் கருப்பையில் இருப்பதுபோல் இறுகியே இருக்கின்றன. அமுக்கம் குறையாமையினால் குருதி பழைய குறுக்கு வழிகளையே நாடுகின்றது. ஒட்சிசனைப் பெறாத குருதி உடலெங்கும் ஓடுகின்றது. ஒட்சிசன் குறைந்தால் குழாய்கள் மேலும் இறுகும். இறுகினால் ஒட்சிசன் இன்னும் குறையும். இந்தச் சுழல்தான் இந்நோயின் கொடூரம். 1969 ஆம் ஆண்டில் அமெரிக்க வைத்தியர்கள் இதனைத் தனி நோயாக விபரித்தபோது, கருப்பைக் காலச் சுற்றோட்டம் பிறந்த பின்னரும் நீடிக்கின்றது என்ற பொருளிலேயே பெயரிட்டனர்.

காரணங்கள் பல. பிரசவ நேரத்தில் குழந்தை தனது முதல் மலமாகிய கரும்பச்சைப் பிசினை வெளியேற்றி அதனையே உள்ளிழுத்துவிடுதல், நஞ்சுக் கிருமித் தொற்று, பிரசவத்தின்போது ஏற்படும் மூச்சுத் திணறல், வயிற்றையும் நெஞ்சையும் பிரிக்கும் மென்றகட்டில் பிறவித் துவாரம், சுவாசப்பை முழுமையாக வளராமை என்பன முக்கியமானவை. சிலருக்குக் காரணம் எதுவும் புலப்படுவதில்லை. தாயின் நீரிழிவும், பிரசவ வலி தொடங்குமுன் செய்யப்படும் சத்திரசிகிச்சைப் பிரசவமும் ஆபத்தைச் சற்றே கூட்டுகின்றன.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். தாய் எதையோ சாப்பிட்டதனாலோ, கண்ணூறு பட்டதனாலோ, வேலைக்குப் போனதனாலோ இந்நோய் வருவதில்லை. ஏற்கெனவே துயருற்றிருக்கும் பெண்ணின் மீது பழி சுமத்தும் பேச்சுக்களை உறவினர் தவிர்த்தல் வேண்டும். ஆனால் ஒரு விடயத்தில் அவதானம் தேவை. தலையிடி, முதுகு நோ என்று ஐபுபுரோபென், டிக்ளோபெனாக், அஸ்பிரின் போன்ற நோ மாத்திரைகளைக் கர்ப்பத்தின் இறுதி மூன்று மாதங்களில் தாமாக எடுக்கக் கூடாது. மேலே கூறிய சிறு குழாயைக் குழந்தை கருப்பையில் இருக்கும்போதே அவை மூடச் செய்துவிடலாம். வைத்தியர் ஒரு காரணத்துக்காக எழுதிக் கொடுத்த மருந்து வேறு விடயம். அதனை அவரைக் கேளாது நிறுத்தலாகாது.

கட்டிலருகே ஒளிரும் எண்கள்

குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கின்றது. சுற்றிலும் வயர்கள், குழாய்கள், ஓயாத மணியொலி. முதன்முறை உட்செல்லும் தாய் தந்தையர் திகைத்து நிற்பதில் வியப்பில்லை. ஆயினும் அந்த எண்கள் விளங்கத் தொடங்கினால் அச்சம் பாதியாகும் என்பதே எமது எண்ணம்.

முதலில், வலது கையிலும் ஒரு காலிலும் சிவப்பு ஒளி வீசும் பட்டிகள் கட்டப்பட்டிருக்கும். இவை குருதியின் ஒட்சிசன் செறிவை வீதத்தில் காட்டுபவை. இரண்டு எதற்கு? வலது கைக்குச் செல்லும் குருதி அந்தச் சிறு குழாய்க்கு முன்பே பிரிந்துவிடுகின்றது. காலுக்குச் செல்வது அதற்குப் பின்னர் பிரிகின்றது. எனவே கையில் 95 உம் காலில் 83 உம் காட்டுமாயின், ஒட்சிசனற்ற குருதி குறுக்கு வழியால் கலக்கின்றது என்பது தெளிவு. ஐந்து முதல் பத்து வீதத்துக்கு மேற்பட்ட வேறுபாடு வைத்தியரை எச்சரிக்கும். இரு எண்களும் நெருங்கி வருதல் நல்ல அறிகுறி. துவாரம் இதயத்தின் உள்ளே மட்டும் திறந்திருக்கும் குழந்தைகளில் இரண்டுமே ஒருசேரக் குறைந்திருக்கும் என்பதையும் நினைவிற் கொள்க.

ஒளியால் ஒட்சிசனை அளக்கும் இம்முறைக்கு இந்நாட்டிலும் ஒரு வரலாறு உண்டு. 1935 இல் லைப்சிக் நகரில் காள் மத்தெஸ் என்ற வைத்தியர் காதினூடாக ஒளியைச் செலுத்தி ஒட்சிசன் செறிவைத் தொடர்ச்சியாக அளந்து காட்டினார். நாடித்துடிப்பைக் கொண்டு அதனைச் செம்மையாக்கிய பெருமை ஜப்பானியரான தக்குவோ அவோயாகியைச் சேரும். அவர் தமது முறையை அறிவித்த ஆண்டு 1974.

அடுத்து, குழந்தையின் தோலில் ஒட்டப்பட்ட நாணயம் போன்ற வட்ட உணரி. இது தோலை 42 முதல் 44 பாகை வரை சூடாக்கி, அதனூடாகவே ஒட்சிசனையும் காபனீரொட்சைட்டையும் அளக்கின்றது. ஊசி குத்தாமல் அளக்கும் இவ்வழியை 1960களின் இறுதியிலும் 1970களின் தொடக்கத்திலும் உருவாக்கியவர்கள், மாபுர்க் நகரில் பணியாற்றிய றெனாற்ற ஹுக், அல்பேட் ஹுக் தம்பதியரும், எம்மவர் பெருமளவில் வாழும் டோர்ட்முண்ட் நகரின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தைச் சேர்ந்த டீற்றிச் லூபர்ஸும் ஆவர். உணரியைக் கழற்றி இடம் மாற்றும்போது தோலில் சிவந்த வட்டமொன்று தெரியும். பிள்ளையைச் சுட்டுவிட்டார்கள் என்று பதறவேண்டியதில்லை. அது சூட்டினால் வந்த அடையாளம். பெரும்பாலும் தானாகவே மறையும். அது ஆழமான காயமாகாதிருப்பதற்காகவே சில மணிக்கொரு தடவை இடத்தை மாற்றுகின்றனர்.

மூன்றாவது, தொப்புளினூடாகவோ மணிக்கட்டினூடாகவோ நாடிக்குள் செலுத்தப்பட்ட மெல்லிய குழாய். இது குருதியமுக்கத்தை இடைவிடாது காட்டுகின்றது. இதிலிருந்து சொட்டுச் சொட்டாகக் குருதி எடுத்து வாயுக்களின் அளவைப் பரிசோதிக்கின்றனர். உடலின் அமுக்கம் குறைந்து சுவாசப்பையின் அமுக்கம் கூடியிருந்தால் குருதி தவறான திசையிலேயே ஓடும். ஆகவேதான் உடலின் குருதியமுக்கத்தை உயர்த்தும் மருந்துகள் சில வேளைகளில் தரப்படுகின்றன.

நான்காவது, இதயத்தை மீயொலியால் பார்க்கும் பரிசோதனை. இதயத்துக்குள் குழாய் செலுத்தலாம் என்பதை 1929 இல் எபெர்ஸ்வால்ட நகரில் வேர்னர் போர்ஸ்மன் என்ற இளம் வைத்தியர் தன்னுடலிலேயே செய்து காட்டினார். 1956 இல் நோபல் பரிசும் பெற்றார். இன்றோ பச்சிளங் குழந்தைக்குப் பெரும்பாலும் அது தேவைப்படுவதில்லை. இதயத்தின் வலப்பக்க வால்வினூடாகப் பின்னோக்கிக் கசியும் குருதியின் வேகத்தை மீயொலியால் அளந்து சுவாசப்பையின் அமுக்கத்தைக் கணித்துவிடுகின்றனர். இதயத்தில் பிறவிக் கோளாறு உண்டா என்பதும் இதே பரிசோதனையில் தெரியவரும்.

ஒட்சிசன் உயிர் காப்பதாயினும் அளவுக்கு மிஞ்சினால் அதுவும் தீங்கே. 1940களிலும் 1950களின் தொடக்கத்திலும் குறைமாதக் குழந்தைகள் பலர் மிகையான ஒட்சிசனால் பார்வையை இழந்தனர். ஆகவே திரையில் நூறு காட்டவில்லையே என்று வருந்தவேண்டாம். பொதுவாக தொண்ணூறுகளின் நடுப்பகுதியையே வைத்தியர்கள் விரும்புகின்றனர்.

எமது பிள்ளைகளின் தோல் நிறம்

இது எம் பக்கங்களில் அவசியம் எழுதப்பட வேண்டியது. ஒட்சிசன் குறைந்த குழந்தை நீலம் பாரிக்கும் என்பர். வெண்ணிறத் தோலில் அது எளிதில் தெரியும். மாநிறத்திலும் கறுப்பிலும் அவ்வாறு தெரியாது. பார்க்கவேண்டிய இடம் நாக்கும் முரசும் உதட்டின் உட்புறமும் ஆகும். கைகால்கள் மட்டும் நீலமாயிருத்தல் பிறந்த புதிதில் சாதாரணமே.

ஒளியால் அளக்கும் கருவியும் கறுத்த தோலில் உண்மையிலும் சற்றுக் கூடுதலாகக் காட்டக்கூடும். 2020 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, கருவி நன்றென்று காட்டியபோதும் குருதியில் ஒட்சிசன் குறைந்திருந்த நிலை, வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளரில் ஏறத்தாழ மூன்று மடங்கு காணப்பட்டதென அறிவித்தது. அது வளர்ந்தோரிடத்தில் செய்யப்பட்ட ஆய்வு. எனினும் படிப்பினை எமக்கும் உரியது. எண் நன்றாயிருந்தும் குழந்தை நன்றாயில்லை எனத் தாய்க்குத் தோன்றினால், "நாடிக் குருதியில் பார்த்தீர்களா?" என்று கேட்பதில் தவறில்லை.

சிகிச்சையின் படிகள்

முதலாவது படி அமைதி. பிள்ளையைத் தூக்குதல், சளி உறிஞ்சுதல், ஊசி, உரத்த பேச்சு எதுவாயினும் இக்குழந்தைகளின் சுவாசப்பைக் குழாய்களை நொடியில் இறுகச் செய்துவிடும். இதனாற்றான் "இப்போது தொடவேண்டாம்" எனத் தாதியர் கூறுகின்றனர். அது பெற்றோரை விலக்கி வைப்பதற்காகச் சொல்லப்படுவதன்று. உள்ளங்கையை அசையாது தலைமேல் வைத்திருக்கலாமா, மெல்லிய குரலில் பேசலாமா என்று கேளுங்கள். நிலைமை சீரானதும் பெரும்பாலும் அனுமதிப்பர்.

அடுத்து வெப்பம், சர்க்கரை அளவு முதலியவற்றைச் சீராக வைத்தல், ஒட்சிசன், செயற்கைச் சுவாசம். அதனாலும் எண்கள் ஏறாவிடின் நைத்திரிக் ஒட்சைட்டு என்ற வாயுவை மூச்சுக் காற்றோடு கலந்து கொடுக்கின்றனர். மில்லியன் பங்கில் வெறும் 20 பங்கு. அது சென்றடையும் இடத்திலுள்ள குழாய்களை மட்டும் விரித்து, குருதியில் கலந்ததும் செயலிழந்துவிடுகின்றது. இவ்வாயு உடலில் செய்திகாவியாகச் செயற்படுவதைக் கண்டறிந்தமைக்காக 1998 இல் மூவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1992 இல் பச்சிளங் குழந்தைகளில் அதன் பயன் முதன்முதலில் எழுதப்பட்டது. 2001 இல் ஐரோப்பிய ஒன்றியம் அதனை மருந்தாக அங்கீகரித்தது. இதைக் கொடுக்கும் காலத்தில், ஒட்சிசனைக் காவ இயலாத ஒருவகைக் குருதிச் சாயம் கூடுகின்றதா என அடிக்கடி பரிசோதிப்பர். நிறுத்தும்போதும் படிப்படியாகவே குறைப்பர். சடுதியாக நிறுத்தினால் அமுக்கம் மீண்டும் சீறி எழும். "நேற்று நன்றாயிருந்தது, இன்று ஏன் இன்னமும் நிறுத்தவில்லை?" என்ற கேள்விக்கு விடை இதுவே.

இறுதிப் படி, குருதியை உடலுக்கு வெளியே எடுத்து ஒட்சிசனூட்டித் திருப்பி அனுப்பும் இயந்திரம். எக்மோ என்று அழைக்கப்படும் இது எல்லா வைத்தியசாலைகளிலும் இல்லை. ஜேர்மனியில் மன்ஹைம் நகரின் பல்கலைக்கழக வைத்தியசாலை 1980களின் பிற்பகுதியிலிருந்தே இதில் பெயர்பெற்றது. ஆகவே குழந்தையை வேறு நகருக்கு மாற்ற நேரலாம். மாற்றுவது கைவிடுவதன்று. 1996 இல் வெளியான பிரித்தானிய ஆய்வில், மூச்சு இயலாதிருந்த 185 குழந்தைகளுள் எக்மோ வழி அனுப்பப்பட்ட 93 பேரில் 30 பேர் இறந்தனர். வழமையான சிகிச்சை பெற்ற 92 பேரில் 54 பேர் இறந்தனர்.

இவ்வியந்திரத்தால் முதன்முதலில் உயிர் பிழைத்த பச்சிளங் குழந்தையின் கதை எம்மைப் போன்றோருக்கு நெருக்கமானது. 1975 இல், வறிய மெக்சிக்கத் தாயொருத்திக்குக் கலிபோர்னியாவில் பிறந்த பெண் குழந்தை அது. முதல் மலத்தை உள்ளிழுத்து மூச்சின்றித் தவித்தது. தாய் விட்டுச் சென்றுவிட்டாள். வைத்தியர் றொபேட் பாட்லெற் தமது இயந்திரத்தை அக்குழந்தைக்குப் பொருத்தினார். தாதியர் அதற்கு எஸ்பெரான்சா என்று பெயரிட்டனர். ஸ்பானிய மொழியில் அதற்கு நம்பிக்கை என்று பொருள். அந்தப் பிள்ளை வளர்ந்து பெரியவளானாள்.

எமது உரிமைகள்

அகதி விண்ணப்பம் முடிவாகாத நிலையில் இருப்போருக்கு வைத்தியச் செலவு பற்றிய அச்சம் பெரிது. 1993 இல் நடைமுறைக்கு வந்த அகதிக் கோரிக்கையாளர் உதவிச் சட்டத்தின் 4 ஆம் பிரிவு, கடும் நோய்க்கும் நோவுக்குமான சிகிச்சையை உறுதி செய்கின்றது. கர்ப்பிணிகளுக்கும் பிரசவித்த பெண்களுக்கும் வைத்தியரின் கவனிப்பு, மருத்துவிச்சியின் உதவி, மருந்து ஆகியவற்றையும் அதே பிரிவு வழங்குகின்றது. பிறந்த குழந்தையின் உயிர் காக்கும் சிகிச்சை இதற்குள் அடங்கும். அவசர வேளையில் சோசியல் அம்ற் வழங்கும் கடிதத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. முதலில் சிகிச்சை, பின்னர் கடிதம்.

மொழி அடுத்த தடை. 2013 இல் வந்த நோயாளர் உரிமைச் சட்டத்தின்படி, சிகிச்சை பற்றிய விளக்கம் நோயாளருக்கோ பெற்றோருக்கோ விளங்கும் வகையில் அமைதல் வேண்டும். விளங்காத தாளில் கையொப்பமிட்டுவிட்டு இரவெல்லாம் தவிப்பதிலும், "எனக்கு விளங்கவில்லை, மொழிபெயர்ப்பாளர் வேண்டும்" என்று சொல்வது மேல். சட்டக் காப்புறுதி மொழிபெயர்ப்புச் செலவைப் பொதுவாக ஏற்பதில்லை. அகதிக் கோரிக்கையாளர்கள் மேற்படி சட்டத்தின் 6 ஆம் பிரிவின் கீழ் விண்ணப்பிக்கலாம். வைத்தியசாலையின் சமூகசேவைப் பிரிவையும் நாடலாம். பத்து வயது அண்ணனையோ அக்காவையோ மொழிபெயர்க்க விடாதீர்கள். தம்பி பிழைப்பானா என்ற கேள்வியைச் சுமக்கும் வயது அதுவன்று.

பிறந்த நாளிலிருந்தே கவனிக்கவேண்டிய இன்னுமொன்று உண்டு. 2016 நவம்பரில் எடுக்கப்பட்ட முடிவின்படி, 2017 ஜனவரி முதல் ஜேர்மனியில் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காலில் ஒட்சிசன் செறிவு அளக்கப்படுகின்றது. கடும் இதயக் கோளாற்றைக் கண்டறிவதே இதன் நோக்கம். ஆயினும் சுவாசப்பை அமுக்கமும் கிருமித் தொற்றும் இதனால் அகப்படுவதுண்டு. 96 வீதமும் அதற்கு மேலும் நலம். 90 இற்கும் 96 இற்கும் இடையிலாயின் இரண்டு மணி நேரத்தில் மீண்டும் அளப்பர். 90 இற்குக் கீழாயின் உடனே வைத்தியர் பார்க்கவேண்டும். பிரசவித்து ஒரு நாளுக்குள் வீடு திரும்புவோர் இப்பரிசோதனையைத் தவறவிடக்கூடும். மஞ்சள் கொப்பியில் அது குறிக்கப்பட்டிருக்கின்றதா எனப் பாருங்கள். இல்லையாயின் குழந்தை வைத்தியரிடம் உடனே கேளுங்கள்.

வீட்டிலே நிமிடத்துக்கு அறுபதுக்கு மேல் மூச்சு, முனகல், விலா எலும்புகளின் இடை உள்ளிழுத்தல், மூக்குத் துவாரங்கள் விரிதல், நாக்கு நீலமாதல் அல்லது சாம்பல் நிறமாதல், பால் குடிக்க இயலாமற் சோர்தல் என்பன தென்பட்டால் 112 என்ற இலக்கத்தை அழையுங்கள். வெந்நீர், கைமருந்து, ஊரிலுள்ளோரின் ஆலோசனை எதற்கும் அது நேரமன்று.

தாயும் உறவும்

குழந்தை ஒரு வைத்தியசாலையிலும் தாய் இன்னொன்றிலும் கிடக்க நேர்வதுண்டு. தாயையும் அங்கே மாற்ற முடியுமா என்று கேளுங்கள். குழந்தை இப்போது குடிக்க இயலாதெனினும் தாய்ப்பாலைக் கறந்து வைக்கலாம். அதற்கான கருவியை வைத்தியரின் சீட்டுடன் மருந்தகத்தில் இரவலாகப் பெறலாம். அந்த நாட்களில் தாய் செய்யக்கூடிய பெரும் வைத்தியம் அதுவே. உறவினர் கூட்டமாகச் சென்று கதவருகே நிற்பதைக் காட்டிலும், வீட்டிலிருக்கும் மூத்த பிள்ளையைப் பார்த்துக்கொள்ளலாம். தாய்க்குச் சரக்குக் கறியும் சோறும் சமைத்து அனுப்பலாம். முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவு சற்றுப் பிந்தினால் குறையொன்றுமில்லை. துடக்கென்று தந்தையோ பேரனோ பேர்த்தியோ பிள்ளையைப் பார்க்கத் தயங்கவும் வேண்டாம்.

வீடு திரும்பியதோடு எல்லாம் முடிந்துவிடுவதில்லை. இந்நோயைக் கடந்த பிள்ளைகளுள் சிலருக்குப் பின்னர் செவிப்புலன் குறையலாம், வளர்ச்சி பிந்தலாம். முதற் செவிப் பரிசோதனை நன்றாயிருந்தாலும், பின்னரும் பரிசோதிக்கும்படி கேளுங்கள். குறித்த தவணைகளைத் தவறவிடாதீர்கள். முகாம் மாற்றினாலும் நகர் மாறினாலும் மஞ்சள் கொப்பியும் வைத்தியசாலைக் கடிதமும் கைப்பையிலேயே இருக்கட்டும்.

பிள்ளைகளுள் பெரும்பாலோர் பிழைத்து நலமாக வளர்கின்றனர். எல்லோரும் பிழைப்பதில்லை என்பதையும் மறைத்தல் நேர்மையன்று. பிள்ளையை இழந்த பெற்றோர் இதனைப் படிக்க நேர்ந்தால், உங்கள் பிள்ளைக்காக நீங்கள் அந்தக் கட்டிலருகே நின்ற நேரம் வீணன்று என்பதை மட்டும் சொல்ல விரும்புகின்றோம். மற்றையோருக்கு எமது வேண்டுகோள் ஒன்றே: அந்தத் திரையில் ஒளிரும் எண்களைப் பார்த்து ஒதுங்கி நிற்காதீர்கள். அருகே சென்று, இது என்ன, நேற்று எவ்வளவு, இன்று எவ்வளவு என்று கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. அக்குழந்தைக்காகக் கேட்கவேண்டியவர்களும் நீங்கள்தான்.